அந்துப்பூச்சிக்கு இரண்டு வாசல்

உங்க ஹாஸ்டல்ல பெரம்பலூர், அரியலூர் பக்கத்துப் பசங்க இருந்தா, 2018-ல அவங்க ஊர் மக்காச்சோளம் என்ன ஆச்சுன்னு கேட்டுப் பாருங்க. படைப்புழுன்னு ஒரே வார்த்தையில பதில் வரும். அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த இந்தப் பூச்சி 2016-ல் ஆப்பிரிக்காவிலும், 2018-ல் கர்நாடகாவிலும் கண்டுபிடிக்கப்பட்டது. அதே ஆண்டு நம்ம வயல்களுக்கும் வந்துடுச்சு.

குருத்துக்குள்ள உட்கார்ந்து தின்பது புழு. ஆனா புழுவால முட்டை போட முடியாது. அதுக்கு அது அந்துப்பூச்சியா மாறணும். வயலில் தொங்கும் இனக்கவர்ச்சிப் பொறி அந்தப் பூச்சியைத்தான் குறிவைக்குது. அந்தப் பொறியால என்ன முடியும், என்ன முடியாதுன்னு தெரியணும்னா பெண் பூச்சியோட வயிற்றுக்குள்ள போகணும்.

முதல்ல வால் நுனி. கடைசிக் கண்டங்களுக்கு நடுவுல ஒரு சுரப்பி இருக்கு. ராத்திரி பெண் பூச்சி வால் நுனியை நீட்டி, அதுல இருந்து வாசனையைக் காற்றில் விடும். ஆண் தன் உணர்கொம்பால் மோப்பம் பிடிச்சு வரும். இப்படி ஒரு வாசனையின் வேதியியலை முதன்முதலில் கண்டுபிடிச்சவர் ஜெர்மானியர் புட்டெனான்ட், 1959-ல். அதுக்கு அவர் குழுவுக்குத் தேவைப்பட்டது சுமார் 5 லட்சம் பட்டுப்பூச்சிகள்! பொறியில வைக்கிற ரப்பர் வில்லையில இருப்பதும் இந்த மாதிரி வாசனையோட செயற்கை வடிவம்தான்.

அடுத்தது உள்ளே. பெரும்பாலான அந்துப்பூச்சிகளில் பெண்ணுக்கு இரண்டு வாசல். ஒண்ணு இணை சேர, இன்னொண்ணு முட்டையிட. ஆண் விந்தை ஒரு சின்ன பார்சலா கட்டித்தான் கொடுக்கும். அது முதல் வாசல் வழியா ஒரு பைக்குள்ள போய் உட்காரும். உள்ளே இருப்பது வெளியேறிய பிறகும் பார்சலோட கூடு அங்கேயே தங்கிடும். ஒரு பெண் எத்தனை முறை இணை சேர்ந்ததுன்னு தெரியணுமா? வயிற்றைத் திறந்து கூடுகளை எண்ணினா போதும். லாக் ஃபைல் மாதிரி.

பார்சலில் இருந்து விந்தணுக்கள் ஒரு மெல்லிய குழாய் வழியா முட்டை வரும் பாதைக்குக் குறுக்கே கடந்து, விந்து சேமிப்புப் பைக்குப் போகும். கதையோட முக்கிய உறுப்பு இதுதான். இரண்டு சூலகம், ஒவ்வொன்றிலும் நாலு குழாய். அசெம்பிளி லைன் மாதிரி அதுல முட்டைகள் வரிசையா வளரும். ஓடு முழுசா கட்டி முடிச்ச பிறகுதான் முட்டை கீழே இறங்கி சேமிப்புப் பையைத் தாண்டும். ஓட்டில் ஏற்கெனவே விட்டிருக்கும் நுண்துளை வழியா அந்த நேரத்துலதான் விந்தணு உள்ளே நுழையும். அதனால முட்டை போடும்போது ஆண் பக்கத்துல இருக்கணும்னு அவசியமே இல்லை.

இப்போ பொறிக்கு வருவோம். அதுல விழுவது ஆண் மட்டும்தான். ஏற்கெனவே இணை சேர்ந்த பெண்ணுக்கு அதனால ஒரு நஷ்டமும் இல்லை. சரக்கு கையிருப்புல இருக்கு. ஒரே பெண் 1,500 முட்டைகள் வரை போடக்கூடியது. தப்பிச்ச ஓர் ஆண் பல பெண்களோடு சேரும். பக்கத்து வயலில் இருந்து இணை சேர்ந்த பெண்ணே பறந்து வரலாம். இலையில ஓட்டை விழுந்த பிறகு நாலு பொறி வாங்கி மாட்டிட்டு நிம்மதியா இருந்தா காசு போச்சு, கதிரும் போச்சு. என்னைக் கேட்டா, பொறியை ஆயுதமா பார்க்காம சென்சாரா பார்க்கணும். விதைச்ச கையோட மாட்டி, ஆண் விழ ஆரம்பிச்ச உடனே வயலுக்குள்ள இறங்கணும்.

இதே சேமிப்புப் பையை வெச்சே பூச்சியை ஏமாத்தவும் முடியும். பருத்தியில் வரும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவோட அந்துப்பூச்சிகளை அமெரிக்காவில் கதிர்வீச்சால் மலடாக்கி, கோடிக்கணக்கில் பறக்கவிட்டாங்க. பைக்குள்ள விந்து போகும், ஆனா முட்டை சரியா பொரியாது. பி.டி. பருத்தியும் கூடச் சேர்ந்ததால், 2018-ல் தங்கள் பருத்தி வயல்களில் அந்தப் பூச்சி ஒழிஞ்சதா அறிவிச்சாங்க.

நம்ம மக்காச்சோளத்துக்கு இப்போதைக்குக் கைதான் கருவி. இலையில் சாம்பல் நிறப் பஞ்சு மாதிரி ஒட்டியிருந்தா அதுதான் முட்டைக் குவியல். தாய்ப்பூச்சி தன் உடல் செதில்களால மூடி வெச்சிருக்கும். ஒரு குவியலில் 100 முதல் 200 முட்டைகள் இருக்கும். 2, 3 நாளில் பொரிஞ்சிடும். அதுக்குள்ள பார்த்தா விரலால நசுக்கிடலாம்.