ஒற்றைக் காலில் நின்ற கிற்றார்

சென்ற நவராத்திரி விழாவின்போது எங்கள் கல்லூரி மேடையில் ஒரு மாணவன் பாடல் முடியும் வரை ஒற்றைக் காலில் நின்றான். தவம் அன்று. கிற்றாரின் நாதத்துக்கு எதிரொலி சேர்க்கும் கால் சுவிச்சை அவன் புதிதாக வாங்கியிருந்தான். பாதம் அழுத்தியிருக்கும் வரையில் எதிரொலி கேட்டது. பாதத்தை எடுத்ததும் மறைந்தது. போதாக்குறைக்கு, அழுத்தும்போதெல்லாம் ஒலிபெருக்கி 'டப்' என்று அதிர, முன்வரிசைச் சிறுவர் திடுக்கிட்டுப் பின்னர் சிரிக்கலாயினர்.

அவன் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வருகின்ற பிள்ளை. தாயார் கொழுந்து பறித்துச் சேமித்த பணத்தில் வாங்கிய பொருள் அது. வாங்கிய கடை திருப்பி எடுக்க மறுத்துவிட்டது. கொழும்புக்குப் போய் மாற்றி வருவதென்றாலோ, பதுளையிலிருந்து இரயில் பாதையே ஏறத்தாழ 290 கிலோமீற்றர். இத்தகைய ஊரிலே இருப்போர் வாங்குமுன்னரே ஆராய்வது அவசியம். அதற்குப் பெரிய சாத்திர ஞானம் வேண்டுவதில்லை.

கால் சுவிச்சுகள் இருவகைப்படும். ஒன்று, மிதித்த நிலையிலேயே நின்று, மறுபடி மிதித்தால் பழைய நிலைக்குத் திரும்புவது; வீட்டு மின்விளக்குச் சுவிச்சைப் போன்றது. மற்றது, அழைப்பு மணியின் பொத்தானைப் போல, காலை எடுத்ததும் வில்லின் விசையால் தானே மீள்வது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கடையில் ஏமாறுவது இங்கேதான். பொஸ் கம்பனியாரின் எவ்.எஸ். 5எல் முதல் வகை, எவ்.எஸ். 5யூ இரண்டாம் வகை. பெயரில் ஓரெழுத்துத்தான் வித்தியாசம்!

நமது அம்பிளிபயர் எதை வேண்டுகின்றது? ஒரு துண்டுக் கம்பியே விடை சொல்லும். கால் சுவிச்சுக்கென்று குறிக்கப்பட்ட துவாரத்தில் சாதாரண கிற்றார் வயரைச் செருகி, அதன் மறுமுனைச் செருகியின் நுனியையும் உடலையும் கம்பியால் இணைத்துப் பாருங்கள். தொட்டிருக்கும் வரை மாற்றம் நிலைத்து, விட்டதும் நீங்கினால், நிலைத்து நிற்கும் சுவிச்சு வேண்டும். ஒவ்வொரு தொடுதலுக்கும் ஒருமுறை மாறி, விட்ட பின்னும் அப்படியே இருந்தால், மீளும் வகை வேண்டும். ஒலிபெருக்கிக்குரிய துவாரத்தில் மட்டும் இச்சோதனையைச் செய்யாதீர்கள். பல ஊசிகள் கொண்ட வட்டத் துவாரமாயின் சோதனையே வேண்டாம். அம்பிளிபயர் செய்தவர்களின் சுவிச்சைத்தான் வாங்கவேண்டும்.

இரு பொத்தான்கள் உள்ள சுவிச்சுகளில் செருகியையும் கவனிக்கவேண்டும். அதில் நுனி ஒரு வேலைக்கும், நடுவளையம் மற்றொரு வேலைக்கும், உடல் பொதுவாகவும் அமையும். வளையமில்லாத செருகியை அங்கே இட்டால், வளையம் உடலோடு பட்டு, இரண்டாவது சுவிச்சு எப்போதும் அழுத்தப்பட்டது போலாகிவிடும். பின்பு, "பழுதாகிவிட்டது" என்று அம்பிளிபயரைத் தூக்கிக்கொண்டு அலைவோம்.

இனிச் சத்தத்துக்கு வருவோம். 1963 இல் வெளிவந்த பென்டர் ட்வின் றிவேர்ப் போன்ற பழைய அமைப்புகளில், எதிரொலியின் சமிக்ஞையே வயர் வழியாகக் காலடி வரை வந்து திரும்புகின்றது. அங்கே கவசமில்லாத வயரைப் பூட்டினால், அது 50 ஹேட்ஸ் மின்சாரத்தின் ரீங்காரத்தை உறிஞ்சிவிடும். ரிலே வைத்த புதிய கருவிகளில் காலடிக்கு வருவது கட்டளை மட்டுமே. ஆகவே வயர் நீளமானாலும் பெரும்பாலும் கேடில்லை. ஆனால் ரீங்காரத்தை ஒழிக்கவென்று சிலர் மூன்று முள் செருகியின் புவித்தொடுப்பைக் கழற்றுகின்றனர். அது உயிரோடு விளையாடும் காரியம்.

நம் மாணவன் கம்பியால் தொட்டபோதும் அதே 'டப்' கேட்டது. ஆகவே குற்றவாளி சுவிச்சு அன்று. உள்ளே கொள்ளளவி ஒன்று நேரோட்டத்தைக் கசியவிட்டால், சுவிச்சு மூடும் கணத்தில் அவ்வழுத்தம் திடீரென வீழ்ந்து இவ்வாறு ஒலிக்கும். வால்வு அம்பிளிபயரின் உள்ளே பல நூறு வோல்ற்று இருப்பதாலும், மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அது சிறிது நேரம் தங்குவதாலும், அவனைத் திறக்க விடாமல் பதுளையிலே பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் அனுப்பினேன். அவர் கொள்ளளவியை மாற்றினார், 'டப்' ஒழிந்தது.

காலடியின் 'க்ளிக்' ஓசை வேறு. பலகை மேடையிலே அது மைக்கினுள் புகும். நான்காய் மடித்த சாக்கொன்றைச் சுவிச்சின் கீழே இட்டோம், அதற்குச் செலவில்லை.

எஞ்சியது அந்தத் தவறான சுவிச்சு. பண்டாரவளையில் ஒரு வாத்தியக் குழுவினரின் அம்பிளிபயருக்கு மீளும் வகைதான் தேவையென்று பின்னர் தெரியவந்தது. அவர்களிடம் இருந்ததோ நிலைத்து நிற்கும் வகை! ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப்போய் மாற்றிக்கொண்டு வந்தான். இப்போது இரு காலும் தரையிலே ஊன்றி வாசிக்கின்றான்.