காயலான் கடைக்குத் தப்பியவை

சித்தூர் வழியாகத் திருப்பதி போன நீராவி எஞ்சின்களை வீட்டுக்குக் கொண்டுபோக யாருக்கும் தோன்றவில்லை. டார்ஜிலிங் எஞ்சின் ஒன்றுக்கு அந்த யோகம் இருந்தது.

காட்பாடியில் இறங்கி, மூட்டை முடிச்சுகளுடன் மீட்டர் கேஜ் வண்டிக்கு மாறி, சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதி போய்ச் சேர்ந்தவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணில் கரித்தூள் விழும். வெள்ளை வேட்டி போய்ச் சேரும்போது வெள்ளையாக இருக்காது. கோவிந்தா கோஷத்துக்கு நடுவே அதையெல்லாம் யாரும் பெரிதுபடுத்தியதில்லை. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் தென்னிந்திய ரயில்வே கம்பெனி போட்ட அந்தத் தடம் இன்று அகலப்பாதை. மின்சார எஞ்சின் இழுக்கிறது. 1992-ல் நாடு முழுவதையும் ஒரே அளவுப் பாதைக்குக் கொண்டுவரும் திட்டம் தொடங்கிய பிறகு, மீட்டர் கேஜின் நீராவி எஞ்சின்கள் பெரும்பாலும் எடைக்கு எடை பழைய இரும்பாகப் போயின. பிழைத்த சில, ரயில் நிலைய வாசல்களில் பெயின்ட் பூசிக்கொண்டு நிற்கின்றன.

அதைவிடக் குறுகலான நேரோ கேஜின் கதை வேறு. அகலப்பாதையில் தண்டவாளங்களுக்கு இடையே 1,676 மி.மீ., மீட்டர் கேஜில் 1,000 மி.மீ. நேரோ கேஜில் 762 அல்லது வெறும் 610 மி.மீ.தான். இந்தச் சின்ன எஞ்சின்கள் திடீரென்று காணாமல் போகும். பல வருடம் கழித்து யாரோ ஒரு பணக்காரரின் தோட்டத்தில் புகை விட்டுக்கொண்டிருக்கும்.

டார்ஜிலிங் மலை ரயிலின் 778-ம் எண் எஞ்சினையே எடுத்துக்கொள்ளுங்கள். 1889-ல் கிளாஸ்கோவில் ஷார்ப் ஸ்டூவர்ட் கம்பெனி செய்தது. மலையேறி இறங்கி எழுபது வருடம் உழைத்தபின், 1960-களின் தொடக்கத்தில் அதை எலியட் டொனெல்லி என்ற அமெரிக்கத் தொழிலதிபர் வாங்கிக் கப்பலேற்றினார். அவர் காலத்துக்குப் பிறகு இண்டியானா மாநிலத்தில் ஒரு நீராவி அருங்காட்சியகத்தில் கிடந்தது. 2002-ல் கைமாறியது. வாங்கியவர் ஏட்ரியன் ஷூட்டர், இங்கிலாந்தின் சில்டர்ன் ரயில்வேயை நடத்தியவர். பகலில் ரயில் கம்பெனி நிர்வாகம், ஓய்வு நேரத்தில் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் உள்ள தன் வீட்டைச் சுற்றித் தண்டவாளம். டார்ஜிலிங் பாணியில் இரண்டு பெட்டிகளும் செய்து மாட்டினார். இந்தியாவுக்கு வெளியே இருக்கும் ஒரே டார்ஜிலிங் 'பி' ரக எஞ்சின் அழைப்பு பெற்ற விருந்தினர்களுக்காக ஓடியது.

இது எப்படி சாத்தியம்? எடைதான் காரணம். டார்ஜிலிங் 'பி' ரகம் சுமார் 15 டன். ஒரு லாரி போதும், ஒரு கொட்டகை போதும். மீட்டர் கேஜின் ஒய்.பி. ரகமோ டெண்டரோடு 90 டன்னைத் தாண்டும். அதை எந்தத் தோட்டத்தில் கொண்டுபோய் நிறுத்துவது? சித்தூர் லைனின் எஞ்சின்களுக்கு ஆதரவாளர் கிடைக்காமல் போனதற்கு ரசனைக் குறைவு மட்டும் காரணமல்ல.

இங்கிலாந்தின் ஸ்டாஃபர்டுஷயரில் கிரஹாம் லீ என்ற தொழிலதிபர் இன்னும் ஒரு படி மேலே போனார். ஸ்டாட்ஃபோல்ட் என்ற தன் பண்ணையில் எஞ்சின் எஞ்சினாகச் சேர்த்தார். ஜாவாவின் டிராங்கில் சர்க்கரை ஆலைக்காக 1971-ல் ஹன்ஸ்லெட் கம்பெனி செய்து அனுப்பிய எஞ்சின்கூட கடல் தாண்டித் திரும்பி வந்தது. ஆரம்பத்தில் அங்கேயும் அழைப்பிதழ் இருந்தால்தான் அனுமதி.

நம் நாட்டில் சேகரிப்பு என்று திட்டமிட்டு நடந்தது குறைவு; மறந்து போனதால் பிழைத்தவைதான் அதிகம். பாட்டியாலா சமஸ்தானத்தின் ஒற்றைத் தண்டவாள ரயில் 1927-ல் நின்றுபோனது. அதன் எஞ்சின் முப்பத்தைந்து வருடம் பொதுப்பணித் துறை வளாகத்தில் கேட்பாரற்றுக் கிடந்தது. 1962-ல் மைக் சாட்டோ என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்தார். இப்போது டில்லி ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோரக்பூர் பக்கம் சராயா சர்க்கரை ஆலையில், 1870-களில் பிறந்த 'ட்வீட்', 'மெர்சி' என்ற இரு மீட்டர் கேஜ் எஞ்சின்கள் நூறு வயது தாண்டியும் கரும்பு வண்டி இழுத்தன. ஆலைக்காரருக்குப் புது எஞ்சின் வாங்க மனமில்லாததை, பாரம்பரியப் பற்று என்று நாம் பின்னால் சொல்லிக்கொள்கிறோம்.

778 போனது நியாயமா என்று கேட்பவர்கள் உண்டு. 1972-ன் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருடம் கடந்த, பழங்கால அறிவியலையும் தொழிலையும் காட்டும் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஆனால் 778 போனபோது அந்தச் சட்டமே இல்லை. எஞ்சினுக்கு நூறு வயதும் ஆகவில்லை. தவிர, வெளியே போவதைத் தடுக்கும் சட்டம், உள்ளூர் ஆலை முதலாளி தன் கொட்டகையில் இருப்பதை உடைத்து விற்பதைத் தடுக்க அதிகம் உதவாது. வைத்துக்கொள்ள நினைக்கிறவருக்கோ செலவுக்கு மேல் செலவு. நெருப்பு மூட்ட வேண்டுமானால் பாய்லர் சோதனை, குழாய் மாற்றம், சான்றிதழ். மூட்டாவிட்டால் துரு.

தனியார் கொட்டகைக்கு இன்னொரு ஆபத்து, உரிமையாளரின் ஆயுள். ஷூட்டர் 2022 டிசம்பரில் இறந்தார். தோட்ட ரயில் அவரோடு முடிந்தது. அவர் ஆசையாக வளர்த்த எஞ்சின் ஏலத்தில் மறுபடியும் ஏதோ ஒரு மூடிய கதவுக்குள் போயிருக்கலாம். போகவில்லை. ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் 2023-ல் ஸ்டாட்ஃபோல்டுக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பண்ணையும் இப்போது அருங்காட்சியகம். திறந்திருக்கும் நாட்களில் டிக்கெட் வாங்கியவர் எவரும் உள்ளே போகலாம். விசா செலவு தனி.