ஆங்கிலத்தில் இரு ‘கேஷ்’: ஒலியொப்புமையும் சொற்பிறப்பும்

ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என ஒரே எழுத்துக்கோவையில் எழுதப்பெறும் பெயர்ச்சொற்கள் இரண்டு உள்ளன. ஒன்று நாள்தோறும் வழங்குவது. ரொக்கப் பணத்தைக் குறிப்பது. மற்றொன்று அருகிய வழக்கினது. சிறுமதிப்புடைய நாணயத்தைக் குறிப்பது. இவ்விரண்டையும் பிரித்தறியாமல், ‘கேஷ் என்பது தமிழ்க் காசே’ எனப் பொதுப்பட உரைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அக்கூற்று அருகிய சொல்லுக்கு மட்டுமே பொருந்தும்.

முதற்சொல்லின் மூலம் பெட்டி. ‘காப்சா’ என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்த இத்தாலியக் ‘காஸ்ஸா’வும் அதன் பிரெஞ்சு இனச்சொல்லும் பணப்பெட்டியைக் குறித்தன. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துள் புகுந்தபோது அப்பொருளும் உடன்வந்தது. பின்னர்ப் பெட்டி மறைந்து, உள்ளிருந்த பணமே பொருளாக நின்றது. நம் இலக்கண நெறிப்படி இஃது இடவாகுபெயர்.

இரண்டாம் சொல்லே தமிழ்க் ‘காசு’. அதனைப் போர்ச்சுகீசியர் ‘கைஷா’ என வழங்கினர். அவர்தம் மொழியில் பெட்டிக்கும் அதுவே பெயர். குழப்பத்தின் ஊற்றுக்கண் இங்குள்ளது. அவர்வழியே ஆங்கிலேயரும் இச்சொல்லைப் பெற்றனர். கம்பெனியின் சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். 1803இல் பர்மிங்காமின் சோஹோ நாணயச்சாலை 10 காசு, 20 காசுச் செப்பு நாணயங்களை அடித்தது. 1808ஆம் ஆண்டு பொறித்த அத்தகைய நாணயங்களை ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல், 1809இல் இங்கிலாந்துக் கரையை விட்டகலுமுன்பே குட்வின் மணற்றிட்டில் மூழ்கியது. சென்னையில் 1818இல் ரூபாய் முறை வந்தபின் இவ்வழக்கு தேய்ந்தது; திருவிதாங்கூரிலோ 16 காசு ஒரு சக்கரம் என்னும் கணக்கு 1949 வரை நிலவியது.

வியப்புக்குரியது சீன வழக்கு. நடுவில் சதுரத் துளையுடைய சீன நாணயத்தை ஐரோப்பியர் இப்பெயராலேயே சுட்டினர். சீனர் அதன் மதிப்பலகை ‘வென்’ என்பர், ஒலியுறவு ஏதுமில்லை. எனினும் நாணயவியலார் இன்றும் அதனைக் ‘கேஷ்’ என்றே பட்டியலிடுகின்றனர்.

‘காசு’ என்பதை எடையளவைக் குறிக்கும் ‘கர்ஷ’ என்னும் வடசொல்லோடு இணைப்பாரும் உளர். ஆனால் குறுந்தொகை 67ஆம் பாடலில், கிளி அலகிற் பற்றிய வேப்பம்பழத்திற்கு உவமையாவது, பொற்கொல்லன் நகநுனியிற் பற்றி நூலில் கோக்கும் அணிகலக் காசு. அங்கு எடைப்பொருளுக்கு இடமில்லை. கோக்கப்படும் உருண்டைப் பொன்மணியே பொருந்துகிறது. வடசொல் மூலம் கூறுவோர் முதலில் விளக்க வேண்டிய சான்று இதுவே.