ஒருமுறைகூடச் செய்து பார்க்காத தாவல்

பெய்ஜிங்கில் ஷோகாங் என்று ஒரு பெரிய இரும்பாலை இருந்தது. உலைகள் அணைந்த பிறகும் அதன் குளிர்விப்புக் கோபுரங்கள் அங்கேயே நிற்கின்றன. அவற்றுக்கு அருகில் எழுப்பிய பனிச்சரிவின் உச்சியில், 2022 பிப்ரவரி 8 அன்று, 18 வயது எய்லீன் கு போனில் அம்மாவுடன் பேசினார்.

குளிர்கால ஒலிம்பிக்ஸ், பனிச்சறுக்கில் தாவி அந்தரத்தில் வித்தை காட்டும் பிக் ஏர் இறுதிப்போட்டி. மூன்று வாய்ப்புகளில் இரண்டு முடிந்துவிட்டன. பிரான்ஸின் டெஸ் லெடூ முன்னிலையில் இருந்தார். கைவந்த 1440-ஐ இன்னும் நன்றாகச் செய்து வெள்ளியை உறுதி செய்துகொள் என்பது அம்மாவின் யோசனை. மகள் தேர்ந்தெடுத்ததோ டபுள் கார்க் 1620. பயிற்சியில்கூட ஒருமுறையும் முயன்றிராதது.

1620 என்பது டிகிரிக் கணக்கு. அந்தரத்தில் நான்கரைச் சுற்று. அதற்குள் இரண்டு முறை உடல் அச்சு விலகித் தலைகீழாகச் சாய வேண்டும். கடைசி அரைச்சுற்றால், இறங்கும்போது பின்னோக்கியே சறுக்கியாக வேண்டும். இத்தனையும் சில நொடிகளில். இறங்கினார். 94.50. சிறந்த இரண்டு தாவல்களைக் கூட்டிப் பார்த்தால் 188.25, லெடூவுக்கு 187.50. முக்கால் புள்ளியில் தங்கம்!

அடுத்த பத்து நாட்களுக்குள் ஸ்லோப்ஸ்டைல் பிரிவில் வெள்ளி, ஹாஃப்பைப் பிரிவில் இன்னொரு தங்கம். ஒரே ஒலிம்பிக்ஸில் மூன்று பதக்கம் வென்ற முதல் ஃப்ரீஸ்டைல் பனிச்சறுக்கு வீரர் அவர்தான்.

பிறந்தது சான் பிரான்சிஸ்கோவில். அம்மா பெய்ஜிங்காரர், அம்மாவும் பாட்டியும் வளர்த்த பிள்ளை. 2019-ல், 15 வயதில், சீனாவுக்காக ஆடுவதாக அறிவித்தார். அமெரிக்காவில் பலர் இதைத் துரோகம் என்றார்கள். சீனாவிலோ தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். விளம்பரங்கள் எல்லாவற்றிலும் அவர் முகம். வென்ற அன்று சீனச் சமூக ஊடகமான வெய்போ தளமே திணறியது. போட்டிக்கு நடுவே அவர் கடித்துச் சாப்பிட்ட பூண்டுத்தழைப் பணியாரம்கூட ஊர்ப்பேச்சானது.

ஆனால் அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. பனிநடன வீராங்கனை ஜூ யீயும் கலிஃபோர்னியாவில் பிறந்தவர்தான், அவரும் சீனாவுக்காக ஆட வந்தவர்தான். வயது 19. பிப்ரவரி 6 அன்று ஃபிகர் ஸ்கேட்டிங் அணிப்போட்டியில் தடுமாறி விழுந்தார். அதே வெய்போவில் வசைமழை பொழிந்தது. மறுநாளும் விழுந்தார், பனித்தளத்திலேயே அழுதார். இரண்டு பெண்களும் எடுத்த முடிவு ஒன்றுதான். ஒருத்தி நிலைகொண்டாள், ஒருத்தி விழுந்தாள். அதற்காகவா ஒருத்திக்குப் பூமாலை, ஒருத்திக்குக் கல்லடி? இந்த அநியாயத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

எய்லீனை நான் வியப்பது மதிப்பெண் பலகை ஒளிர்ந்த நொடிக்காக அல்ல. அம்மாவிடம் பேசிவிட்டு, விழக்கூடும் என்று தெரிந்தே கீழே பாய்ந்தாரே, அதற்காக. இன்னொரு காட்சியும் மனதில் நிற்கிறது. தங்கம் நழுவிய லெடூ, பனியில் தேம்பிக்கொண்டிருக்கிறார். வெற்றிக் கூச்சல் இன்னும் அடங்கவில்லை. எய்லீன் போய் அவர் பக்கத்தில் குனிந்து, தேற்றிக்கொண்டிருக்கிறார்.