கயாக் படகில் தூண்டில் தாங்கி: துளை போடும் முன் கடைக்காரர் அறிய வேண்டியவை

விலை பத்து ரூபாயாக இருந்தாலும், பத்தாயிரம் ரூபாய்க்கு உரிய பொறுப்பைச் சுமக்கும் சரக்குகள் சில உண்டு. கேஸ் அடுப்பின் ரப்பர் குழாய் அப்படிப்பட்டது. பியூஸ் ஒயர் அப்படிப்பட்டது. கயாக் படகில் தூண்டில் கழியை நிறுத்தும் தாங்கியையும், அதற்கான போல்ட்டு, நட்டுகளையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும்.

கயாக் என்பது ஒருவரோ இருவரோ அமர்ந்து, இருமுனைத் துடுப்பால் செலுத்தும் ஒடுங்கிய சிறு படகு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு, கோவளம் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள். துடுப்புப் போட இரண்டு கைகளும் வேண்டும். ஆகவே தூண்டிலைப் பிடித்துக்கொள்ள ஒரு தாங்கி தேவைப்படுகிறது. அதை மாட்ட நினைப்பவர் படகுக் கம்பெனியைத் தேடிப் போவதில்லை. மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ தம் தெருமுனை ஹார்டுவேர் கடைக்கு வந்து, "நாலு ஸ்க்ரூ, ஒரு சிலிக்கோன் டியூப் கொடுங்கள்" என்றுதான் கேட்பார். கேட்டதை அப்படியே எடுத்துக் கொடுத்தால், அவர் படகுக்குள் தண்ணீர் புகுவதற்கு நாமும் ஒரு காரணமாகி விடலாம்.

கட்டுமரமும் கயாக்கும்

நொச்சிக்குப்பம், பட்டினப்பாக்கம், ஊரூர்க்குப்பம் கரைகளில் தலைமுறை தலைமுறையாக ஓடியது கட்டுமரம். இலேசான மரக்கட்டைகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியது; ஆணி கிடையாது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைக் காய வைப்பார்கள். இந்தப் பெயரே ஆங்கிலத்துக்குப் போய் 'கேட்டமரான்' ஆயிற்று. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த ஃபைபர் படகுகளும் சேர்ந்து, கட்டுமரத்தின் இடத்தை ஃபைபர் படகு பெரும்பாலும் பிடித்துக்கொண்டது.

கட்டுமரத்தின் மேல் அலை ஏறினால், தண்ணீர் மரங்களின் இடுக்கு வழியே வடிந்துவிடும். மிதப்பது மரம், அதற்குள் தண்ணீர் நிரம்ப இடமில்லை. கயாக் அப்படியல்ல. உள்ளே வெற்றிடம், அதில் அடைபட்ட காற்றுதான் படகை மிதக்க வைக்கிறது. அதன் மேல்தளத்தில் நாம் போடும் ஒவ்வொரு துளையும் கடல் நீருக்கு ஒரு வாசல். பல கயாக்குகளில் உள்ளே தடுப்புச் சுவர் கிடையாது. புகுந்த நீர் முன்னும் பின்னும் ஓடி, படகை ஒரு பக்கம் சாய்த்துவிடும். கரையில் நின்று பார்ப்பவருக்கு இது தெரியாது. படகில் இருப்பவருக்கும் தாமதமாகத்தான் தெரியும்.

ஆகவே முதல் பாடத்தைக் கட்டுமரத்திடமிருந்தே எடுத்துக்கொள்ளலாம்: கட்டி முடிக்க முடிந்த வேலைக்குத் துளை போட வேண்டாம்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

வாடிக்கையாளர் வந்ததும், "இருக்கைக்குப் பின்னால் சாய்வான இரண்டு குழி இருக்கிறதா?" என்று கேளுங்கள். மீன்பிடிக்கென்று செய்யப்பட்ட கயாக்குகள் பலவற்றில் கம்பெனியே தாங்கிக் குழியைப் படகோடு வார்த்து வைத்திருக்கும். இருந்தால் வேலை முடிந்தது. இல்லையென்றால், பக்கவாட்டில் நீளமான தண்டவாளம் போன்ற பட்டை உண்டா என்று கேளுங்கள். அதில் நழுவவிட்டு முறுக்கி மாட்டும் தாங்கி தனியே வருகிறது. இரண்டும் இல்லாதவர், முதலில் இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் வகையை வாங்கிக் கட்டிப் பார்க்கட்டும். சில நாள் பழகிய பிறகு எந்த இடம் தமக்குத் தோது என்று தெரிந்துவிடும். துளை அதற்குப் பிறகுதான்.

இடம் பார்த்தல்

"ஆழம் அறியாமல் காலை விடாதே" என்பார்கள். இங்கே உள்புறம் அறியாமல் டிரில்லை வைக்கக் கூடாது. படகைத் தரையில் வைத்து, லைஃப் ஜாக்கெட்டோடு இருக்கையில் அமர்ந்து, துடுப்பை வீசிப் பார்க்கச் சொல்லுங்கள். துடுப்பும் முழங்கையும் தூண்டில் கழியில் இடிக்கக் கூடாது; உடம்பைத் திருப்பாமல் கை எட்ட வேண்டும். அந்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, பேனாவால் குறித்துக்கொள்ளலாம். பிறகு மூடி திறக்கும் வழியே கையை விட்டு, குறித்த இடத்துக்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்று தடவிப் பார்க்க வேண்டும். தண்ணீர் வடிவதற்காக மேலிருந்து அடிவரை ஓடும் குழாய்களைத் துளைத்தால் படகே வீணாகிவிடும்.

மேல்தளத்தில் பதித்து வைக்கும் வகைக்கு ஏறக்குறைய 2 அங்குலத் துளை வேண்டும். தாங்கியின் அளவைப் பார்த்து அதற்கேற்ற ஹோல் சா கொடுங்கள். டிரில்லை மெதுவாக ஓட்ட வேண்டும். வேகம் கூடினால் பிளாஸ்டிக் உருகும். பதித்த குழலின் அடிப்பக்கம் மூடியிருப்பதாகப் பார்த்து விற்பது நல்லது. திறந்திருந்தால் குழலில் விழும் நீர் நேரே படகுக்குள் போகும்.

சிலிக்கோன் மட்டும் போதாது

இன்றைய கயாக்குகளில் பெரும்பாலானவை பாலி எதிலீன் பிளாஸ்டிக். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைச் சுழற்றி வார்க்கும் அதே முறையில் செய்யப்படுபவை. இந்தப் பிளாஸ்டிக்கில் சாதாரண சிலிக்கோன் சரியாக ஒட்டாது. சில நாளில் தோல் போல உரிந்து வரும். தொட்டிக்குக் குழாய் இணைக்கும் பிளம்பர் என்ன செய்கிறார்? பசையை நம்புவதில்லை. ரப்பர் வாஷரை வைத்து டேங்க் நிப்பிளை முறுக்குகிறார். கயாக்குக்கும் அதே வழிதான். தாங்கிக்கு அடியில் ரப்பர் கேஸ்கெட், உள்ளே அகலமான வாஷர், அதன் மேல் தானே கழன்று வராத நைலாக் நட்டு. கேஸ்கெட் சற்று நசுங்கும் வரை இறுக்கினால் போதும். பலம் காட்டினால் பிளாஸ்டிக் நெளியும். கை எட்டாத இடத்துக்கு, உள்ளே மூன்று இதழாக விரியும் பாப் ரிவெட்டோ, ரப்பர் உறையுள்ள வெல் நட்டோ ஏற்றது. பலகையில் ஏற்றும் ஸ்க்ரூவை இந்த மெல்லிய பிளாஸ்டிக்கில் ஏற்றினால், மீன் இழுக்கும் வேகத்தில் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

மாட்டி முடித்த பிறகு, மேலே ஹோஸ் குழாயால் நீர் பீய்ச்சி, உள்ளே டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஒரு சொட்டு தெரிந்தாலும் மறுபடி கழற்றத்தான் வேண்டும்.

எவர்சில்வர் எல்லாம் ஒன்றல்ல

சாந்தோம், பெசன்ட் நகர் பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்கு உப்புக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஷட்டரும் பெயர்ப்பலகைக் கொக்கியும் படும் பாட்டைப் பார்க்கிறோம். காற்றுக்கே இப்படியென்றால், கடல் நீரில் நனையும் போல்ட்டைக் கேட்கவே வேண்டாம்.

மலிவான பாத்திரங்களுக்குப் பயன்படும் 202 ரகத்தில் நிக்கல் குறைவு, மாங்கனீசு அதிகம், கடலுக்கு ஆகாது. 304 ரகத்தில் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. ஆனாலும் கடல் நீரில் நாளடைவில் புள்ளி புள்ளியாகத் துரு விழும். 316 ரகத்தில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்வதால் உப்பை நன்றாகத் தாங்குகிறது. படகுக்கு அதுவே சரி.

காந்தம் வைத்துப் பார்த்து "ஒட்டவில்லை, நல்ல சரக்கு" என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. இது சோதனையே அல்ல. 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. அழுத்தி வார்த்த நல்ல 304 போல்ட்டின் தலையில் இலேசாக ஒட்டவும் கூடும். போல்ட்டின் தலையில் உள்ள முத்திரையைப் பாருங்கள். ஏ2 என்றிருந்தால் 304 வகை. ஏ4 என்றிருந்தால் 316 வகை. சிறிய ஸ்க்ரூக்களில் முத்திரை இராது. பெட்டி லேபிளைப் பார்க்க வேண்டும். பாரிமுனை மொத்தக் கடையில் கொள்முதல் செய்யும்போது ரகத்தைப் பில்லில் எழுதி வாங்குங்கள். ரகம் கலந்துவிடாமல் தனி டப்பாவில் வையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 86-ஆவது பிரிவு, பொருளைத் தயாரிக்காமல் விற்க மட்டும் செய்பவர் எப்போது இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று சொல்கிறது. நமக்கு வேண்டியவை நான்கு.

1. பொருளில் விற்பவர் மாற்றம் செய்து, அந்த மாற்றமே தீங்குக்கு முக்கியக் காரணமானால் பொறுப்பு உண்டு. வாடிக்கையாளருக்கு உதவியாக நம் கடைப் பையன் படகில் துளை போட்டுக் கொடுப்பது இந்தக் கேள்வியை எழுப்பும்.

2. கம்பெனி தராத உத்தரவாதத்தை நாமாகவே கொடுத்து, பொருள் அப்படி இல்லாவிட்டால் பொறுப்பு உண்டு. "பத்து வருஷம் துருப்பிடிக்காது சார்" என்று வாய்க்கு வந்தபடி சொல்லக் கூடாது.

3. தயாரித்தவர் யாரென்றே தெரியாத சரக்கை விற்றால், பொறுப்பு விற்றவர் தலையில் விழும். முகவரி இல்லாத இறக்குமதித் தாங்கிகளை வாங்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

4. தயாரிப்பாளர் தரும் எச்சரிக்கைகளையும் பயன்படுத்தும் முறையையும் வாங்குபவரிடம் சேர்க்காவிட்டாலும் பொறுப்பு உண்டு. டப்பாவில் உள்ள குறிப்புத்தாளை எடுத்து வீசிவிட வேண்டாம்.

இருப்பு வைப்பது எப்படி?

இது பெரிய வியாபாரம் அல்ல. தாங்கிகளை வாங்கி அடுக்க வேண்டிய அவசியமில்லை. கேட்டால் தருவித்துக் கொடுக்கலாம். ஏ4 போல்ட்டு, நைலாக் நட்டு, அகல வாஷர், ரப்பர் ஷீட், இதழ் ரிவெட் ஆகியவற்றில் கொஞ்சம் இருந்தால் போதும். தூண்டில் கழி தவறி விழாமல் படகோடு பிணைக்க நைலான் கயிறும் சேர்த்துக் கொடுங்கள். இதே சரக்கு ஜன்னல் கிரில், ஏ.சி. ஸ்டாண்டு, பெயர்ப்பலகை என்று கடற்கரையோர வீடுகளுக்கெல்லாம் ஆகும், முடங்காது.

மளிகைக் கடைக்காரருக்கு இதில் என்ன என்று கேட்கலாம். உங்கள் ஷட்டருக்கும் பலகைக்கும் அடுத்த முறை ஸ்க்ரூ வாங்கும்போது, காந்தத்தை நம்பாமல் முத்திரையைப் பாருங்கள். ஹார்டுவேர் வணிகர்கள் ஒன்று செய்ய வேண்டும். "நாலு ஸ்க்ரூ கொடுங்கள்" என்று கேட்பவரிடம், எடுத்துக் கொடுக்கும் முன் "எதற்கு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். படகுக்கு என்றால், ரகத்தைப் பில்லில் எழுதிக் கொடுங்கள்.