உஷார்! மைதானத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள்

மான்செஸ்டருக்கு வடக்கே பரி என்று ஓர் ஊர். 2019 ஆகஸ்ட் 27, செவ்வாய்க்கிழமை. ஊர்க்காரர்கள் நூற்றுக்கணக்கில் துடைப்பமும் வாளியுமாகக் கிக் லேன் மைதானத்துக்குள் இறங்கினார்கள். ஊரின் கால்பந்துக் கிளப்பை வாங்க ஒரு நிறுவனம் வருகிறதாம், சனிக்கிழமை ஆட்டம் நடந்துவிடுமாம், இருக்கைகளையாவது துடைத்து வைப்போம் என்று வந்த கூட்டம். பிற்பகலில் அந்த நிறுவனம் கையை விரித்தது. இரவு, பரி கிளப்பை வெளியேற்றிவிட்டதாக லீக் அறிவித்தது. 1885-இல் பிறந்த கிளப் அது. எஃப்.ஏ. கோப்பையை இரண்டு முறை வென்றது. 1903 இறுதி ஆட்டத்தில் டெர்பியை 6-0 என்று துவைத்தெடுத்தது. கொடுமை என்னவென்றால், அந்த ஏப்ரலில்தான் சம்பளம் சரியாக வராத ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டே மேல் டிவிஷனுக்கு ஏறியிருந்தது.

அன்று இரவு கிளப் செத்தது என்று எல்லோரும் எழுதினார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். மைதானத்தின் மேல் கடன் வாங்கிய நாளிலேயே நாடி விழத் தொடங்கிவிட்டது. வட்டி ஏறியது. கார் நிறுத்தும் இடங்களைக்கூடத் தனித்தனியாக முதலீட்டாளர்களிடம் விற்றார்கள். 2018 டிசம்பரில் முழுக் கிளப்பும் ஒரே ஒரு பவுண்டுக்குக் கை மாறியது. ஒரு பவுண்டுக்கு ஒரு சொத்து வருகிறது என்றால், அதன் முதுகில் என்ன மூட்டை ஏறியிருக்கிறது என்று நம்மூரில் சின்னப் பிள்ளைகூடக் கேட்கும்.

நாம் ஒரு கிரவுண்டு மனை வாங்குவதற்கு முப்பது வருட வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். தாய்ப் பத்திரம் எங்கே என்று கேட்கிறோம். ஆனால் தாத்தா காலத்திலிருந்து சனிக்கிழமைதோறும் போய் உட்கார்கிற மைதானம் யார் பெயரில் இருக்கிறது என்று எந்த ரசிகரும் கேட்பதில்லை. கோல் யார் போட்டார், பயிற்சியாளர் யார், ஜனவரியில் யாரை வாங்குகிறார்கள், இவைதான் பேச்சு. லண்டனில் டூட்டிங்கிலும் ஈஸ்ட் ஹாமிலும் குடியிருந்து, பிள்ளைகளுக்கு ஜெர்சி வாங்கிக் கொடுத்து, அந்த ஊர்க் கிளப்பையே சொந்தக் கிளப்பாக்கிக்கொண்ட நம்மவர்களுக்கும் இது பொருந்தும். டூட்டிங்குக்குப் பக்கத்தில்தானே விம்பிள்டனின் பழைய பிளவ் லேன் மைதானம் இருந்தது? 1991-இல் அணி அங்கிருந்து கிளம்பி இன்னொரு கிளப்பின் மைதானத்துக்கு ஒண்டுக்குடித்தனம் போனது. 1998-இல் நிலம் ஒரு சூப்பர் மார்க்கெட் நிறுவனத்துக்குப் போனது. 2003-இல் கிளப்பும் திவாலாகி மில்டன் கீன்ஸுக்குப் பெயர்ந்துவிட்டது. பழைய ஆடுகளத்தின் மேல் இன்று அடுக்குமாடி வீடுகள். ரசிகர்கள் தாங்களே ஒரு கிளப்பைத் தொடங்கி அதே தெருவில் புது மைதானம் கட்டித் திரும்பி வர 2020 ஆனது.

கணக்கு எளிமையானது. சிறிய ஊர்க் கிளப்புக்கு வருமானத்தைவிடச் செலவு அதிகம். ஆட்டக்காரர்கள் போய்விடுவார்கள், கோப்பை பழசாகிவிடும். நிலைத்து நிற்பது நிலம் ஒன்றுதான். நூறு வருடத்துக்கு முன் வயலாக இருந்தபோது வாங்கியது, இன்று ஊர் வளர்ந்து நடு ஊருக்கு வந்துவிட்டது. கால்பந்தில் துளி ஆசையும் இல்லாத ஆளுக்கும் அந்த இடம் நாக்கில் எச்சில் ஊற வைக்கும்.

பிரைட்டனில் நடந்தது இதுதான். 1902 முதல் ஆடிவந்த கோல்ட்ஸ்டோன் மைதானத்தை 1995-இல் நிர்வாகிகள் ஒரு கட்டுமான நிறுவனத்துக்கு 74 லட்சம் பவுண்டுக்கு விற்றார்கள். மாற்று இடம் பார்த்துவைக்கவே இல்லை. அதற்கு முன்பே இன்னொரு வேலை நடந்திருந்தது. கிளப்பைக் கலைத்தால் வரும் பணத்தில் இயக்குநர்கள் லாபம் பார்க்கக் கூடாது என்ற விதி, கிளப்பின் சட்டதிட்டங்களிலிருந்து காணாமல் போயிருந்தது. விஷயம் வெளியே தெரிந்து கூச்சல் எழுந்த பிறகுதான் திரும்பச் சேர்த்தார்கள். கோல்ட்ஸ்டோன் இன்று கடைவீதி. கிளப் பதினான்கு வருடம் சொந்த வீடு இல்லாமல் அலைந்து, 2011-இல்தான் புது மைதானத்துக்குள் நுழைந்தது.

இப்போது புது பாணி வேறு. முதலாளி மைதானத்தை வெளியாளுக்கு விற்பதில்லை, தன்னுடைய இன்னொரு கம்பெனிக்கே விற்றுக்கொள்கிறார். 2018-இல் டெர்பி கவுண்டியின் பிரைட் பார்க் இப்படி 8.11 கோடி பவுண்டுக்குக் கை மாறியது. இடது சட்டைப்பையிலிருந்து வலது பைக்கு! லீக் அனுமதிக்கும் நஷ்ட வரம்புக்குள் கணக்கைக் காட்ட அந்த 'லாபம்' உதவியது. 2021-இல் கிளப் திவால் நிர்வாகத்துக்குப் போனபோது, மைதானம் கிளப்பின் சொத்துப் பட்டியலிலேயே இல்லை. ஷெஃபீல்ட் வெட்னஸ்டேயின் ஹில்ஸ்பரோவும் ஏறக்குறைய 6 கோடி பவுண்டுக்கு அதே வழியில் முதலாளி கைக்குப் போனது. 2025 அக்டோபர் 24 அன்று அந்தக் கிளப்பும் திவால் நிர்வாகத்தில் விழுந்தது. தண்டனையாக லீக் பட்டியலில் 12 புள்ளிகள் பறிபோயின.

திவால் என்று அறிவித்த பிறகு ஓடிவந்து பயனில்லை. நியமிக்கப்படும் நிர்வாகியின் கடமை கடன்காரர்களுக்கு; உங்கள் நினைவுகளுக்கு அல்ல. நிலத்தை அடமானம் பிடித்தவர் வரிசையில் முன்னால் நிற்பார். கிளப் லீக்கில் நீடிக்க வேண்டுமானால் ஆட்டக்காரர்களுக்கும் மற்ற கிளப்புகளுக்கும் உள்ள பாக்கி முழுசாகத் தீர வேண்டும். சட்டை துவைத்தவர், சமோசா போல அங்கே விற்கும் இறைச்சிப் 'பை' பலகாரத்தை சப்ளை செய்தவர் போன்றோர் சில்லறைக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

ஹெரிஃபோர்டைப் பாருங்கள். 2014 டிசம்பரில் நீதிமன்றம் அந்தக் கிளப்பை இழுத்து மூடியது. ஆனால் எட்கர் ஸ்ட்ரீட் மைதானம் நகராட்சியின் சொத்து, யாராலும் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. அடுத்த சீசனிலேயே ரசிகர்கள் தொடங்கிய புது அணி அதே புல்லில் இறங்கியது. 2016-இல் வெம்ப்ளி வரை போய் ஓர் இறுதி ஆட்டமும் ஆடியது. கிளப் செத்தும் நிலம் பிழைத்ததால் வந்த பலன் இது.

ஆகவே இப்போதே பாருங்கள். கிளப்பின் பெயரில் என்னென்ன அடமானம் பதிவாகியிருக்கிறது என்பதை இங்கிலாந்தின் கம்பெனிப் பதிவகத்தில் காசில்லாமல் பார்க்கலாம். நிலம் யார் பெயரில் என்பதற்கு நிலப் பதிவகத்தில் சில பவுண்டு கட்டினால் நகல் வந்துவிடும். உரிமையாளர் என்ற இடத்தில் கிளப்பின் பெயர் இல்லையா? கேளுங்கள். கேள்விப்படாத கடன் கம்பெனி எட்டிப்பார்க்கிறதா? உரக்கக் கேளுங்கள். 'புறநகரில் புது ஸ்டேடியம், பழைய இடத்தில் வீடுகள்' என்று வண்ணப் படம் போட்ட நோட்டீஸ் வருகிறதா? புது இடத்துக்கான அனுமதியும் பணமும் கையில் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

2011-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மைதானத்தைச் 'சமூகச் சொத்து' என்று நகராட்சியில் பதிவு செய்யலாம். செய்யுங்கள்; ஆனால் அதை நம்பித் தூங்கிவிடாதீர்கள். அது விற்பனையை ஆறு மாதம் தள்ளிவைத்து ஊராருக்குப் பணம் திரட்ட அவகாசம் தருமே தவிர, உங்களுக்குத்தான் விற்க வேண்டும் என்று உரிமையாளரைக் கட்டாயப்படுத்தாது. 2025 ஜூலையில் வந்த கால்பந்து நிர்வாகச் சட்டம், ஒழுங்குமுறை ஆணையத்தின் ஒப்புதல் இல்லாமல் மைதானத்தை விற்கக் கூடாது என்கிறது. நல்லதுதான். ஆனால் படிப்படியாகத்தான் அமலுக்கு வருகிறது, அதுவும் முதல் ஐந்து நிலைகளில் ஆடும் கிளப்புகளை மனதில் வைத்து எழுதியது.

கிக் லேன் என்ன ஆயிற்று? ரசிகர்களின் அமைப்பு அரசு நிதியும் நன்கொடையும் சேர்த்து 2022-இல் அதை வாங்கியது. இடையில் புதுக் கிளப்பா, பழைய பெயரா என்று ரசிகர்களே இரண்டுபட்டு நின்றார்கள், 2023-இல்தான் இணைந்தார்கள். நான்கு வருடம் பூட்டிக்கிடந்த வாசல் திறந்தபோது, பரி ஆடியது இங்கிலாந்தின் ஒன்பதாவது நிலை லீக்கில்.