கண்ணுக்கு லேசர்: எது பொறுக்கும், எது பொறுக்காது?

காலபோக வெள்ளாண்மை வெட்டி, சூடடித்து, முற்றத்தில் நெல் காயப்போட்டிருந்த ஒரு மாசி மாத முற்பகலில் கண்டாவளையில் ஒரு வீட்டுக்குச் சென்றிருந்தோம். வீட்டில் மூவர். இரண்டு ஏக்கர் வயலைத் தனியே பார்த்துவரும் தாய், முன்பள்ளியில் படிப்பிக்கும் மகள், எண்பதை நெருங்கும் அப்பப்பா. நாம் போனது விதைநெல் விடயமாக. ஆனால் தேநீர் வருமுன்னரே கதை வேறு பக்கம் திரும்பிவிட்டது.

"கனடாவில இருக்கிற மாமா, லேசர் செய்யக் காசு அனுப்புறன் எண்டு சொல்லுறார். பிறகு கண்ணாடியே தேவையில்லையாம். செய்யலாமோ, விடலாமோ? நீங்கள்தான் சொல்லுங்கோ" என்று மகள் கேட்டார்.

அவர் அழகுக்காகக் கேட்கவில்லை. 2009 தை மாதத்தில் தருமபுரம், விசுவமடு என்று குடும்பம் ஓடியபோது அவர் பள்ளிச் சிறுமி. பதுங்குகுழிக்குள் பாய்ந்தபோது கண்ணாடி உடைந்தது. பின்னர் செட்டிகுளம் முகாமில் புதுக் கண்ணாடி கிடைக்கும்வரை, தண்ணீர் வரிசையில் நின்ற தாயின் முகத்தைக்கூட அவரால் அடையாளம் காண முடியவில்லை. "திரும்பவும் ஒருக்கால் ஓட வேண்டி வந்தால்..." என்று தொடங்கியவர் அதோடு நிறுத்திக்கொண்டார்.

இதைக் கேட்டுக்கொண்டு திண்ணையில் இருந்த அப்பப்பா, "எனக்கும் அந்த லேசர் எண்டால் வாறன். கத்தி வைக்கிறதெண்டால் மாட்டன்" என்றார். அவருடைய இரு கண்களிலும் வெண்புரை படர்ந்திருப்பது நமக்கே தெரிந்தது. தாய் சிரித்தார். "எனக்கு ஒண்டும் வேண்டாம். சீனி வருத்தம் மட்டும்தான். கண் நல்லாத் தெரியுது." பதினொரு வருடமாகச் சீனிக்குக் குளிசை எடுக்கிறார். இத்தனை காலத்தில் ஒரு தடவையேனும் கண்ணின் உட்புறத்தைச் சோதித்தது உண்டா என்று கேட்டோம். இல்லை என்றார்.

மூவரில் ஒன்றும் கேட்காத அந்தத் தாயே முதலில் பஸ் ஏற வேண்டியவர் என்று நமக்குத் தோன்றியது. அது ஏன் என்பதை விளக்கவே இக்கட்டுரை.

லேசர் ஒரு கருவி

லேசர் என்பது ஒருமுகப்படுத்தப்பட்ட ஒளி. மண்வெட்டியால் வரம்பும் கட்டலாம், வாய்க்காலும் வெட்டலாம். அவ்வாறே லேசராலும் கண்ணில் வெவ்வேறு வேலைகள் செய்யப்படுகின்றன. மண்வெட்டி வேண்டுமா என்று எவரும் பொதுவாகக் கேட்பதில்லை. என்ன வேலை என்றுதான் முதலில் கேட்போம். லேசர் பற்றியும் அப்படித்தான் கேட்க வேண்டும். "என் கண்ணில் இருப்பது என்ன?" என்பதே முதற் கேள்வி.

மகளின் கண்: எத்தனை காலமும் பொறுக்கும்

மகளுக்கு இருப்பது குறும்பார்வை. கிட்ட உள்ளது தெரியும், தூர உள்ளது மங்கும். கண்ணின் முன்புறத்தில் மணிக்கூட்டுக் கண்ணாடிபோல வளைந்து நிற்கும் தெளிந்த படலத்தை லேசரால் சிறிதளவு செதுக்கி, அதன் வளைவை மாற்றுவதே கண்ணாடியைத் தவிர்ப்பதற்கான சிகிச்சை. அப்படலத்தில் மெல்லிய மூடி ஒன்றைத் திறந்து, உள்ளே செதுக்கி, மீண்டும் மூடிவிடும் முறைக்கு லேசிக் என்று பெயர்.

இதற்கு வழி திறந்தவர்களில் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து அமெரிக்கா சென்ற விஞ்ஞானி ரங்கசாமி சிறீனிவாசன். 1981 கார்த்திகையில் அங்கே அறுவடைக்கு நன்றி சொல்லும் பெருநாள் முடிந்த மறுநாள், விருந்தில் மிஞ்சிய வான்கோழியின் எலும்பையும் குருத்தெலும்பையும் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய் எக்ஸைமர் என்னும் லேசரால் வெட்டிப் பார்த்தார். சுற்றியிருந்த பகுதி கருகாமல் மிகத் துல்லியமாக வெட்டுப்பட்டது. அதிலிருந்தே இச்சிகிச்சை வளர்ந்தது.

உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் இதனால் பயனடைந்துள்ளனர். ஆனால் இது எல்லோருக்கும் பொருந்தாது. 18 வயது நிறைந்திருக்க வேண்டும். கண்ணாடியின் பவர் குறைந்தது ஒரு வருடமாவது மாறாதிருக்க வேண்டும். முன்படலம் போதிய தடிப்புடன் இருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் அந்தக் காலத்தில் செய்வதில்லை. கண் வறட்சி உள்ளவர்களும் சீனி கட்டுப்பாட்டில் இல்லாதவர்களும் பொறுக்க வேண்டும். முன்படலம் கூம்புபோல் தள்ளும் நோய் உள்ளவர்களுக்குச் செய்யவே கூடாது. ஆகவே முழுமையாகச் சோதிக்காமல் நாள் குறித்துக் கொடுக்கும் இடத்தில் காசு கட்ட வேண்டாம்.

நமது வாழ்க்கை முறையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். செய்தபின் சில வாரங்களுக்குக் கண்ணைக் கசக்கக்கூடாது. தூசியிலும் குளத்து நீரிலும் இறங்கக்கூடாது. சூடடிக்கும் காலத்தில் நெற்சுணையும் பதரும் பறக்கும் முற்றத்தில் இது எளிதன்று. கண்ணில் பலத்த அடிபட்டால் லேசிக் மூடி பின்னாளிலும் விலகக்கூடும். அத்தகைய தொழில் செய்வோருக்கு மூடி திறவாமல் மேற்புறத்திலேயே செதுக்கும் முறையும் உண்டு. அது ஆறச் சற்றுக் கூடுதல் நாள் எடுக்கும். சிலருக்குக் கண் வறட்சியும், இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிவதும் ஏற்படுவதுண்டு. நாற்பது வயது கடந்தபின் வாசிப்பதற்குக் கண்ணாடி தேவைப்படுவதை இச்சிகிச்சை தடுக்காது.

இவை யாவற்றையும் மகளுக்குச் சொன்னோம். அவரது விருப்பம் பிழையானதல்ல. ஆனால் இந்த லேசரைப் பிற்போடுவதால் அவர் பார்வையில் ஒரு துளியும் குறையாது. இன்று செய்யாவிட்டால் அடுத்த வருடம் செய்யலாம், செய்யாமலும் விடலாம். இதற்கிடையில் அவரது பயத்துக்கு மலிவான மருந்து ஒன்று உண்டு. இரண்டாவது கண்ணாடி ஒன்றைச் செய்வித்து, அதன் பவர் எழுதிய துண்டோடு, காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் இருக்கும் பையில் வைத்துவிடுவதே அது. 2018 மார்கழி வெள்ளத்தில் கண்டாவளைப் பகுதியில் பல குடும்பங்கள் கையில் அகப்பட்டதோடு வெளியேறியதை நாம் மறக்கவில்லை. அத்தகைய பையில் ஒரு கண்ணாடிக்கும் இடம் இருக்கட்டும்.

அப்பப்பாவின் கண்: அறுவடைவரை பொறுக்கும்

வெண்புரை என்பது கண்ணுக்குள் இருக்கும் வில்லை மங்கிப்போவது. கிளினிக்கில் கற்றராக் என்பார்கள். கண்ணாடியாலோ சொட்டு மருந்தாலோ இது தீராது. தேனும் தாய்ப்பாலும் விடுவதால் கிருமி புகும் ஆபத்துண்டு. மங்கிய வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லையை வைப்பதே வழி.

பலர் இதையும் லேசர் ஒப்பரேசன் என்கிறார்கள். பெரும்பாலும் இதில் லேசர் இல்லை. சிறு துளை வழியாக வில்லையைக் கரைத்து எடுக்கும் முறையில் வேலை செய்வது மிக வேகமான ஒலி அதிர்வு. பல் வைத்தியர் பல்லைச் சுத்தம் செய்யும் கருவியைப் பார்த்து, டொக்டர் சார்ள்ஸ் கெல்மன் 1967இல் அமெரிக்காவில் அமைத்த முறை அது. லேசரின் உதவியோடு செய்யும் முறையும் இப்போது உண்டு. எனினும் லேசர் இல்லை என்பதற்காக ஒரு முதியவர் பார்வையின்றி இருக்கத் தேவையில்லை.

செயற்கை வில்லையின் கதை நமக்கு நெருக்கமானது. இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்களுக்குள் விமானக் கூண்டின் பிளாஸ்ரிக் சிதறல்கள் பாய்ந்தன. அந்தத் துண்டுகளைக் கண் வெறுத்துத் தள்ளாமல் பொறுத்துக்கொண்டதை டொக்டர் ஹரல்ட் றிட்லி கவனித்தார். அதே வகைப் பிளாஸ்ரிக்கில் வில்லை செய்து 1949இல் இலண்டனில் ஒரு நோயாளிக்கு வைத்தார். போரின் சிதறலிலிருந்து பார்வைக்கு ஒரு வழி பிறந்தது. நம்மிடையே உடலிலோ கண்ணிலோ செல் துண்டு உள்ளவர்கள், எச்சிகிச்சைக்குப் போனாலும், குறிப்பாக எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கச் சொன்னால், அதை முன்கூட்டியே வைத்தியருக்குச் சொல்லிவிட வேண்டும்.

இந்தியாவில் அகதியாக இருந்து திரும்பியோர் பலர் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை அறிவர். 1976இல் டொக்டர் வெங்கடசாமி தமது 58ஆவது வயதில், 11 கட்டில்களோடு அதைத் தொடங்கினார். வாதத்தால் விரல்கள் வளைந்திருந்தும் அக்கைகளாலேயே அவர் ஆயிரமாயிரம் பேருக்குச் சத்திரசிகிச்சை செய்தார். 1992இல் அந்நிறுவனம் வில்லைகளைத் தானே உற்பத்தி செய்யத் தொடங்கியதால் ஏழைகளுக்கும் அவை எட்டின. ஏழை விவசாயிகளுக்குப் பார்வையைக் கொடுத்தது விலையுயர்ந்த கருவி அல்ல, ஒழுங்காகச் செய்யப்பட்ட எளிய சத்திரசிகிச்சையே.

பொதுவாக வெண்புரைக்கு அவசரம் இல்லை. நடமாடவும் வேலை செய்யவும் பார்வை போதாதபோது செய்யலாம். வயலில் இறங்குவோர் விதைப்பும் அறுவடையும் இல்லாத இடைக்காலத்தைத் தெரிந்துகொண்டால், நாலைந்து வாரங்கள் தூசி, சேறு, பாரம் தூக்கல் ஆகியவற்றைத் தவிர்க்கலாம். ஆனால் அளவுக்கு மிஞ்சி முற்றவிட்டால் கண்ணுள் அமுக்கம் கூடிக் கடும் வலி வரக்கூடும். அப்போது பொறுக்கக்கூடாது.

பயத்துக்குக் காரணமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. 2023இல் நுவரெலியாவில் வெண்புரைச் சத்திரசிகிச்சைக்குப் பின் விட்ட சொட்டு மருந்தின் கோளாறால் சிலரது பார்வை பாதிக்கப்பட்டது செய்திகளில் வந்தது. இதற்காகச் சிகிச்சையை விட்டுவிடுவது தீர்வாகாது. பின்னர் கண் சிவந்தாலோ, வலித்தாலோ, பார்வை குறைந்தாலோ குறித்த கிளினிக் நாள்வரை காத்திராமல் அன்றைக்கே போக வேண்டும் என்பதே பாடம்.

சத்திரசிகிச்சை செய்து சில மாதங்களிலோ வருடங்களிலோ பார்வை மறுபடி மங்கினால், "ஒப்பரேசன் பிழைச்சுப் போச்சு" என்று சோர வேண்டாம். வில்லைக்குப் பின்னாலுள்ள சவ்வு மங்கியிருக்கலாம். அதை யாக் என்னும் லேசரால் சில நிமிடங்களில் திறந்துவிடலாம். கத்தியும் கட்டிலும் தேவையில்லை.

தாயின் கண்: பொறுக்காது

சீனி வருத்தம் பல வருடம் நீடித்தால் கண்ணின் பின்புறத்து விழித்திரையின் நுண்ணிய இரத்தக்குழாய்கள் பழுதடைகின்றன. அவை கசிகின்றன. பின்னர் பலமற்ற புதிய குழாய்கள் முளைத்து, வெடித்து, கண்ணுக்குள் இரத்தம் பெருகலாம். வலி இல்லை, சிவப்பு இல்லை. பார்வையும் கடைசிவரை நன்றாகவே இருக்கக்கூடும். "நல்லாத் தெரியுது" என்ற சொல்லை நம்பி இருந்துவிட முடியாது என்பது இதனாற்றான்.

இங்கேதான் லேசர் பெரும் பணி செய்கிறது. 1970களில் அமெரிக்காவில் நடந்த பெரும் ஆய்வொன்று, முற்றிய நிலையில் உள்ளோருக்கு லேசர் செய்வதால் கடும் பார்வையிழப்பு பாதிக்கு மேல் குறைவதைக் காட்டியது. இப்போது கண்ணுள் போடும் ஊசி மருந்துகளும் சேர்ந்துள்ளன.

ஆனால் ஒன்றைத் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். இந்த லேசர் போன பார்வையை மீட்பதற்கல்ல, இருக்கும் பார்வையைக் காப்பதற்கே. சில தடவைகள் போக வேண்டி வரும். பக்கப் பார்வையும் இரவுப் பார்வையும் ஓரளவு குறையலாம். "லேசர் செய்தும் தெளியவில்லை" என்று இடையில் நிறுத்தியவர்கள் உண்டு. வெள்ளம் வருமுன் போட்ட அணையைப் பார்த்து, விளைச்சல் எங்கே என்று கேட்பது போன்றது அது. லேசருக்குப் பின்னரும் சீனியையும் பிரசரையும் கட்டுப்படுத்தியே ஆக வேண்டும்.

ஆகவே சீனி வருத்தம் உள்ள எவரும் வருடத்துக்கு ஒரு தடவை கண்ணின் உட்புறத்தைச் சோதிக்க வேண்டும். உங்கள் கிளினிக் கொப்பியுடன் சென்று, கண் சோதனைக்குத் துண்டு தரும்படி நீங்களே கேளுங்கள். அரச வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை. கண்ணுக்கு மருந்து விட்டுப் பார்ப்பதால் சில மணி நேரம் மங்கலாக இருக்கும். துணைக்கு ஒருவர் போக வேண்டும். மோட்டார் சைக்கிளைத் தாமே ஓட்டித் திரும்பக்கூடாது. திடீரெனக் கரிய புள்ளிகள் மிதந்தாலோ, மின்னல்போல ஒளி வெட்டினாலோ, திரை விழுந்தாற்போல் மறைத்தாலோ சீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்றைக்கே போக வேண்டும்.

கையொப்பம் இடுமுன் கேளுங்கள்

வைத்தியரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவன்று. இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

1. என் கண்ணில் உள்ள நோயின் பெயர் என்ன?
2. இந்தச் சிகிச்சை பார்வையைக் கூட்டுமா, உள்ளதைக் காக்குமா?
3. ஆறு மாதம் பொறுத்தால் என்ன நடக்கும்?
4. எத்தனை தடவை வர வேண்டும், மொத்தச் செலவு என்ன?
5. எத்தனை நாள் எந்த வேலையைத் தவிர்க்க வேண்டும்?

மூன்றாவது கேள்வியே ஒரு வீட்டில் எவர் முதலில் போக வேண்டும் என்பதைத் தீர்க்கும்.

அந்த வீட்டில் அப்படித்தான் தீர்ந்தது. அடுத்த கிளினிக் நாளில் தாய் துண்டு வாங்கினார். விழித்திரையில் கசிவு இருப்பது தெரிந்து, லேசர் தொடங்கியாயிற்று. யாழ்ப்பாணம் போய்வரும் பஸ் செலவும், வேலையாளுக்குக் கொடுக்கும் கூலியும் மாமா அனுப்பிய காசிலேயே போகின்றன. மகளிடம் இப்போது இரண்டு கண்ணாடிகள் உள்ளன. தமது ஆசையை விட்டுவிடவில்லை என்றும், அது நிற்கட்டும் என்றும் சொன்னார். அப்பப்பா மட்டும், "சிறுபோகம் முடியட்டும்" என்கிறார். இது எத்தனையாவது சிறுபோகம் என்று மருமகள் கேட்டால் பதில் இல்லை.

பெத்சாயிதாவில் பார்வையற்ற ஒருவரை இயேசு குணமாக்கியதை நற்செய்தி சொல்கிறது. முதலில் அவருக்கு எல்லாம் மங்கலாகவே தெரிந்தது. மறுபடி கை வைத்த பின்னரே தெளிந்தது. அதற்கும் முன்பு நடந்த ஒன்றை நாம் பலவேளை கவனிப்பதில்லை. இயேசு அம்மனிதரின் கையைப் பிடித்து, ஊருக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனார். இடம்பெயர்ந்து, மீளவந்து, மீண்டும் நிலம் கொத்தி வாழும் நம் ஊர்களிலும் ஒரு கை தேவைப்படுகிறது. உங்கள் வீட்டில் சீனிக் குளிசை எடுப்பவர் எவர்? அவரது கண்ணைக் கடைசியாகச் சோதித்தது எப்போது? இன்றிரவே கேளுங்கள். விடை தெரியாவிட்டால், அடுத்த கிளினிக் நாளில் அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போங்கள்.